கண்டக்டர் மகள் ஓட்டிய யெஸ்டி

என் வண்டியை இன்னொருவன் தொட்டாலே எனக்கு ஆகாது. அப்படிப்பட்டவன் என் யெஸ்டி பைக்கைப் பெண்டாட்டி செல்லக்கனியிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்தேன் என்றால், வேறு வழியே இல்லை என்று அர்த்தம். மில்லில் வலது கையை மிஷினில் விட்டு மாவுக்கட்டோடு இருந்தேன். ராஜபாளையத்தில் அன்றைக்கு பஸ் ஸ்டிரைக். ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்லக்கனிக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ, ஊர்நல அலுவலர் வேலைக்கு. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்து வந்த முதல் கார்டு. அடுத்த மாதம் அவளுக்கு வயசு வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் அரசாங்க வேலை என்ற பேச்சே கிடையாது.

ஜவஹர் மைதானத்தில் நன்றாகவே ஓட்டுவாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், எல்.எல்.ஆரும் எடுத்தாயிற்று. ரோட்டுக்கு வந்தால் முடிந்தது கதை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தால் போதும், நடுரோட்டில் காலை ஊன்றி நின்றுவிடுவாள்.

"கண்டக்டர் மகதானட்டி நீ? பஸ்ஸுலயே வளந்தவளுக்கு லாரியப் பாத்தா என்ன பயம்?" என்று கத்துவேன்.

"உள்ள உக்காந்து பாக்கது வேற, வெளிய நின்னு பாக்கது வேற" என்பாள்.

அன்றைக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உதைத்து ஸ்டார்ட் செய்தாள்.

பஞ்சு மார்க்கெட்டில் மாட்டிக்கொண்டோம். பஸ் இல்லாததால் ஊரிலுள்ள வேன், டிராக்டர் அம்புட்டும் ஆளை ஏற்றிக்கொண்டு ரோட்டில் நின்றன. இடது பக்கம் பஞ்சுப் பொதி லாரி. எதிரே ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்த ஒரு வேன். பின்னால் இன்னொரு லாரிக்காரன் ஹாரனில் இருந்து கையையே எடுக்கவில்லை. செல்லக்கனி காலை ஊன்றிவிட்டாள்.

"என்னால ஏலாதுங்க" என்றாள்.

வலது பக்கம் ஒரு சந்து தெரிந்தது. வேலையாவது மண்ணாவது, அதற்குள் புகுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவள் முதுகில் தட்டி, "ரைட்டு, ரைட்டு" என்றேன்.

நான் சொன்னது வலது பக்கத்தை. கண்டக்டர் மகள் காதில் விழுந்ததோ, 'போகலாம்' என்று.

கியர் விழுந்தது. லாரிக்கும் வேனுக்கும் நடுவே கொஞ்சம்போல இடைவெளி இருந்தது. அதில் நேராக விட்டாள். என் மாவுக்கட்டு வேனை உரசிக்கொண்டு போனது. சாமியைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது மார்க்கெட்டைத் தாண்டியிருந்தோம்.

"ஏட்டி, என்ன காரியம் செஞ்ச?"

"நீங்கதான ரைட்டுன்னீய?" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போகப்போக அவளே ஹாரன் அடித்து லாரிகளிடம் வழி கேட்டாள், வாங்கினாள், தாண்டினாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சோறு தின்றும் இவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேனா என்று மலைத்துப்போனேன். மடவார்வளாகம் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் பெரிய கோபுரம் தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் தோன்றாமல் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் உள்ளே போக, நான் ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே பேசுவது கேட்டது.

"சுந்தரபாண்டியம், பிளவக்கல்னு ஊர் ஊரா அலையணும்மா. பாதி ஊருக்கு பஸ்ஸே கிடையாது" என்றார் அதிகாரி. "இன்னைக்கே ஸ்டிரைக். வீட்டுக்காரர் கூட்டிட்டு வந்தாராக்கும்?"

"இல்ல சார். நான்தான் அவியளக் கூட்டிட்டு வந்தேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அதிகாரி வாசல்வரை வந்து என்னையும் என் மாவுக்கட்டையும் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"ஆமா சார், அவதான் ஓட்டுனா. நான் பின்னால உக்காந்து வந்தேன்" என்றேன். மில்லில் எவனாவது என்னைப் பார்த்து அப்படிச் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். அன்றைக்கு அதை நானே பெருமையாகச் சொன்னேன்.