கண்டக்டர் உட்கார்ந்த காலை

கண்டக்டர் இறந்த பிறகும் அவருடைய நிழல் மட்டும் தவறாமல் டியூட்டிக்கு வந்தது. காலையில் வெயில் ஜன்னலுக்குள் நுழையும்போது வரும், வெயில் கூரைக்கு மேலே ஏறியதும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. ஆள் இல்லை, நிழல் இருந்தது, அவ்வளவுதான். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கை இடுப்பில், லேசான தொப்பை, எல்லாம் அச்சு அசல் அவரேதான். கீழ்வீட்டுக்காரர்கள் ஒரு தடவை வந்து பார்த்தார்கள். "அவரேதான், சந்தேகமே இல்ல" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

நிழல் விழுந்த இடத்தில் ஒரு கலாத்தியா செடி இருந்தது. மழைக்காட்டில் பெரிய மரங்களுக்குக் கீழே வளர்கிற ஜாதி. இலையின் மேல்பக்கம் பிரஷ்ஷால் இழுத்த மாதிரி வெளிர்பச்சைக் கோடுகள், அடிப்பக்கம் கத்தரிக்காய் நிறம். பொழுது சாய்ந்தால் இலைகளை மேலே தூக்கி மடித்துக்கொள்ளும், விடிந்தால் விரிக்கும். பார்க்க லட்சணம்தான், ஆனால் மாப்பிள்ளை முறுக்குக்குக் குறைச்சல் இல்லை. குழாய்த் தண்ணீரைப் பிடித்த கையோடு ஊற்றினால் இலை நுனி கருகும், ஒரு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும். மண் காயவும் கூடாது, சொதசொதவென்று இருக்கவும் கூடாது. காற்றில் ஈரம் வேண்டுமென்று தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு நிறையக் கூழாங்கல்லும் தண்ணீரும். இருட்டு மூலையில் வைத்தால் கோடுகள் மங்கும், நேர் வெயில் பட்டால் இலை பொசுங்கும். அந்த ஒற்றை ஜன்னல் வீட்டில் வெளிச்சமுள்ள இடம் ஒன்றே ஒன்றுதான், காலை வெயிலும் நேராக அங்கேதான் விழும்.

அதனால் கண்டக்டர் குறுக்கே நின்றார். டிப்போ ஆபீஸில் யாரோ தூக்கிப்போட இருந்த செடியை அவர்தான் கொண்டுவந்தார். அவருக்கு எப்போதும் மதிய ஷிப்ட். நாளெல்லாம் பஸ்ஸில் நிற்கிற மனுஷன் வீட்டிலும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேதான் டீ குடிப்பார். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தது. "என்னங்க, செத்த நேரம் உட்காருங்களேன்" என்று கல்யாணமான நாளிலிருந்து மனைவி கெஞ்சிப் பார்த்தாள். "நான் உட்கார்ந்தா செடிக்கு யாரு குடை பிடிக்கிறது?" என்பார். அவள் ஒரு கடைக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். "ஊருக்கெல்லாம் திரை தைச்சுத் தள்ளுற, நம்ம ஜன்னலுக்கு ஒரு கந்தல் உண்டா?" என்று சீண்டுவார். "அதான் நீங்க ஒருத்தர் நிக்கிறீங்களே, போதாதா?" என்பாள். கடைசியில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியேதான் அவர் உயிர் போனது. ஸ்டாப் வந்தும் விசில் கேட்கவில்லையே என்று திரும்பிப் பார்த்த பிறகுதான் டிரைவருக்கே தெரிந்தது.

நிழல் வர ஆரம்பித்ததும் அவள் அழுகை நின்றது. தையல் மெஷினை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். மகளின் பிரசவம், வாடகைக்காக வீட்டுக்காரரோடு சண்டை, நூல் விலை, எல்லாம் நிழலிடம் சொல்வாள். இதுவும் போய்விடக்கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. செடி தொட்டி நிறைந்து, பக்கத்தில் குட்டி வெடித்து, பெரிய தொட்டிக்கு மாறியது. வருஷங்கள் இப்படியே ஓடின.

ஒரு கோடையில் நிழல் கால் மாற்றி நிற்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் இந்தக் கால், கொஞ்ச நேரம் அந்தக் கால். உயிரோடு இருந்தபோது வலி பொறுக்காமல் அவர் செய்வது அதுதான். பாவி மனுஷனுக்குச் செத்த பிறகும் கால் வலியா என்று புலம்பினாள். கடை வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு திரை தைத்தாள். அவள் தைத்ததிலேயே நல்ல தையல் அதுதான். ஜன்னலில் மாட்டி, "செடியை இது பாத்துக்கும். இன்னிக்காவது உட்காருங்க" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வெயில் திரையில் வடிந்து இறங்கியது. செடி சந்தோஷமாகத்தான் இருந்தது. நிழல் வந்து, தன் சீட்டில் வேறு ஆள் இருப்பதைப் பார்த்தவரைப் போல ஓரமாகத் தயங்கி நின்றது. பிறகு டீ கிளாஸைக் கீழே இறக்கி, முழங்காலை மடக்கி, நாற்காலியில் உட்கார்ந்தது. இத்தனை வருஷக் கல்யாணத்தில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்த முதல் காலை அது. கால்களை நீட்டிச் சாய்ந்துகொண்டார். ஐயோ, இதைப் பார்க்கத்தானே தவம் கிடந்தேன் என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் நிழல் வரவில்லை. அவள் திரையைக் கழற்றி எறிந்தாள். வெயில் நேராக விழுந்து இரண்டு இலை பொசுங்கியது, அப்போதும் வரவில்லை. "தெரியாம செஞ்சுட்டேங்க, வாங்க, வந்து நில்லுங்க" என்று வெறும் தரையிடம் கெஞ்சினாள். டியூட்டி முடிந்து போனவர் போனவர்தான்.

மறுபடி திரை மாட்ட மனசு வரவில்லை. செடியாவது பிழைக்கட்டும் என்று அவளே குறுக்கே நின்றாள். தினமும், டீ கிளாஸோடு. ஒரு நாள் கடையிலிருந்து அவசரமாகக் கூப்பிட, வெயில் இருக்கும்போதே ஓடினாள். திரும்பி வந்தால் அவள் நிழல் மட்டும் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் தெருவில் நிழலில்லாமல்தான் நடந்தாள். "அக்கா, நிழலை எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்று காய்கறிக்காரர் கேட்டார். "வீட்ல வேலையா இருக்கு" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுத் தக்காளியை நிறுத்துக் கொடுத்தார்.

அவளும் போன பிறகு, வீட்டைக் காலி செய்ய மகள் வந்தாள். காலையில் கதவைத் திறந்தவள், செடியின் மேல் அம்மாவின் நிழல் விழுந்திருப்பதைப் பார்த்தாள். மெஷின் மிதித்து மிதித்துக் கடைசியில் வீங்கிப்போயிருந்த பாதங்கள் தரையில் அப்படியே தெரிந்தன. பீரோவில் வெள்ளைத் திரை மடித்தபடி இருந்தது. மகள் அதை எடுத்தாள். ஜன்னல் வரை போனாள். திரை மாட்டியதும் அப்பாவின் நிழல் எப்படிப் போனது என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். திரையை மார்போடு அணைத்தபடி ரொம்ப நேரம் அழுதுவிட்டு, பழையபடி பீரோவிலேயே வைத்துப் பூட்டினாள்.

"இன்னும் கொஞ்ச நாள் நில்லும்மா" என்றாள். வீட்டுக்காரரிடம் வீட்டைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினாள். பிறகு ஈரத்துணியால் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, நாளைக்கு ஊற்றத் தண்ணீரைப் பிடித்து, மூடாமல் வைத்தாள்.