காலி நிலம்

அம்மாவின் படத்தைக் கும்பிட்டு எழுந்தவர்கள் மாட்டுக்கறி சூப் குடிக்க உட்கார்ந்ததும், ஓக்ஜு கறுப்புத் துக்க உடையோடே செருப்பைத் தேடினாள்.

"எங்க கிளம்பிட்ட?" அண்ணன் பியோங்தே வழிமறித்தான்.

"ஆத்தங்கரைக்கு. பூண்டு நடணும்."

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு எரிக்கணும். வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"அம்மா சாவுக்கு வந்தவங்க அம்மாவை நினைக்கட்டும்."

ஆற்றங்கரையில் பயிர் செய்யக் கூடாதென்று நகராட்சி பலகை நட்டுப் பல வருஷமாகிறது. ஆனால் நிற்கிற பயிரில் கை வைக்க மாட்டார்கள். அறுவடை முடியட்டும் என்று காத்திருப்பார்கள். அந்த ஊர்க் கிழவிகளுக்கு அது போதாதா? ஒன்றைப் பிடுங்கிய கையோடு இன்னொன்றை ஊன்றிவிடுவார்கள். நேற்று சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோண்டி முடித்துவிட்டு வரப்பில் சாய்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை. விதைப்பூண்டு பையிலேயே கிடந்தது. பாத்தியை நிரவ நகராட்சி இயந்திரம் இன்றைக்கே வரப்போகிறது என்று, துக்கம் கேட்க வந்த பக்கத்துப் பாத்திக்காரி காதில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"அம்மாவே போயாச்சு. இனி அது எதுக்குடி?"

"அம்மா எப்பப் போவாங்கன்னு நகராட்சிக்காரங்க காத்துக்கிட்டு இருந்தாங்க பாரு, அதுக்குத்தான்."

ஓக்ஜுவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருந்தவளை அசைக்க முடியாதவர்கள் பிணம் வேகும் முன்பே வருகிறார்களே.

இயந்திரம் கரையிறங்கியபோது அவள் மண்டியிட்டு மூன்றாவது வரிசையில் இருந்தாள். தொப்பி போட்ட அதிகாரி ஓடி வந்தார்.

"என்னம்மா இது? இது அரசாங்க நிலம்."

"நிலம் உங்களுது. பூண்டு என்னுது."

அவர் அவள் உடையையும் தலையில் செருகியிருந்த வெள்ளை ரிப்பனையும் பார்த்தார்.

"யாரு தவறிட்டாங்க?"

"உங்களோட தினம் மல்லுக்கு நிப்பாங்களே, அவங்க."

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "நானா வரலைங்க. காலி இடத்தை நிரவச் சொல்லி மேலிடத்து உத்தரவு."

"காலியா இல்லையே."

அவர் இயந்திரக்காரனைப் பார்த்துக் கையை அசைத்தார். சத்தம் நின்றது.

"பூண்டு எப்ப எடுப்பீங்க?"

"ஜூன்ல."

"அப்ப ஜூன்ல வர்றேன்."

"வாங்க. எடுத்த அன்னைக்கே சோயா போட்டிருப்பேன்."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கரையேறினார். ஓக்ஜு முட்டியை ஒரு சாண் நகர்த்தி, அடுத்த பல்லைக் கட்டைவிரலால் அழுத்தி மண்ணை மூடினாள்.