ஒட்டுக்குக் கீழே முளைத்தது

என் மனைவியின் ரோஜாச் செடியை வெட்டியது நான்தான். அதுவும் துணி வெட்டும் கத்திரியால். முப்பத்தைந்து வருடமாகத் தையல்காரன். கத்திரி கையில் இருந்தால் எதைப் பார்த்தாலும் ஓரத்தைச் சரிசெய்யத் தோன்றும். செடியின் அடியிலிருந்து இரண்டு புதுக் கிளைகள் விரல் கனத்தில் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தன. பழைய கிளைகளோ சோனியாக, பாதி இலை உதிர்ந்து நின்றன. சோனிகளை ஒட்ட நறுக்கினேன். தூர நின்று பார்த்தேன். மாப்பிள்ளைக்குச் சட்டை தைத்து மாட்டிய திருப்தி.

இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் புதர் ரோஜா அது. விற்கும்போது நர்சரிக்காரர், "வெயில், மழை, பூச்சி எதுக்கும் அசராதுண்ணே. லேசுல சாகாது" என்றார். பாவம், என் கைராசி அவருக்குத் தெரியாது.

மனைவி அப்போது மகள் வீட்டில் இருந்தாள். ஆபரேஷன் முடிந்து, பத்து நாள் ஓய்வென்று போனவள். கிளம்பும் முன் ஒரு சண்டை. சண்டையென்றால் இருவர் வேண்டும்; பேசியது அவள் மட்டும்தான்.

"வயித்துல கட்டி, ஆபரேஷன் பண்ணணும்னு வந்து சொன்னேனே, என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?"

இருந்தது. "தையல் நானே போட்டுடறேன், கூலி வேண்டாம்" என்று சொல்லியிருந்தேன். பயத்தில் சொன்னது. பயந்தால் எனக்கு மூளைக்கு முன்னால் வாய் ஓடிவிடும்.

நல்லவேளை, சாதாரணக் கட்டிதான். பத்து நாள் ஐந்து மாதமானது. ஒவ்வொரு ஞாயிறும் செடியைப் படமெடுத்து அனுப்பினேன். 'பார், எப்படி வளருது! எப்ப வர்றே?' அவளிடமிருந்து 'ம்' என்று ஒற்றை எழுத்து வரும். மகளிடம் கேட்டால், "வெயில் குறையட்டும்பா" என்பாள். வெயில் குறைந்தது. "பாக்கலாம்பா" என்றாள்.

செடி மதில் உயரம் ஏறியது. மொட்டு மட்டும் இல்லை. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன்.

அவர் இலைகளை எண்ணினார். "ஒரு காம்புக்கு ஏழு இருக்கு, நான் குடுத்ததுக்கு அஞ்சுதான். அண்ணே, இது காட்டு ரோஜா. உங்களுது ஒட்டுச் செடி, காட்டு ரோஜா வேர்மேல நல்ல ரோஜாவை ஒட்டினது. ஒட்டுக்குக் கீழ முளைச்சதை வளத்துட்டு, மேல இருந்த நல்லதை வெட்டிட்டீங்க."

"ஐயோ."

"வீட்ல அக்காவைக் கேட்டிருக்கலாமே? கீழ முளைச்சா அன்னைக்கே கிள்ளிடுவாங்களே."

கிளையைப் பிடித்தபடி நின்றேன். முள் குத்தியதுகூட உறைக்கவில்லை. பொத்தான் ஒரு நூல் தள்ளியிருந்தால் தெருமுனை வரை கேட்கும்படி திட்டுகிறவள் அவள். ஐந்து மாதமாகப் படம் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

அங்கேயே, தொட்டிகளுக்கு நடுவில் நின்று, போன் போட்டேன்.

"செடியை நான் வெட்டிட்டது உனக்குத் தெரியுமா?"

"முதல் போட்டோலயே தெரிஞ்சுதுங்க."

"திட்டியிருக்கலாமே."

"எதுக்கு?" சாதாரணமாகத்தான் கேட்டாள்.

பதிலுக்கு அடிக்க ஒரு ஜோக் நாக்கு நுனியில் வந்து நின்றது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"இங்க அதே ரோஜா புதுசா வந்திருக்கு. வாங்கிட்டுப் போகட்டுமா?"

"உங்களுக்குப் பிடிச்சிருந்தா வாங்குங்க."

"நான் கேக்கறது அது இல்ல."

"தெரியும்."

"அப்ப சொல்லும்மா. பாக்கலாம், வெயில் குறையட்டும்னு எல்லாம் வேண்டாம். வீட்டுக்கு வருவியா?"

பின்னணியில் பேத்தி வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. குழந்தையின் குரல் அடங்கியது.

"கோவத்துல சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க," என்றாள். "கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. நான் வரமாட்டேங்க."