பெயர் கேட்காத புகார்ப் பக்கம்

பெயர் எழுத வேண்டாம், பயப்படாமல் சொல்லுங்கள் என்று கம்பெனி தன் இணையதளத்தில் ஒரு புகார்ப் பக்கம் திறந்திருந்தது. அவள் நம்பவில்லை. தன் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் அவள். படிப்பு வேறு எதைக் கொடுத்ததோ இல்லையோ, சந்தேகத்தை நிறையவே கொடுத்திருந்தது. பெயரை மறைத்தாலும் வீட்டு இணைப்பின் ஐபி முகவரி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அதை மறைக்கும் விபிஎன்னைப் போட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தாள்.

வாரத்தில் மூன்று நாள் வீட்டில் லேப்டாப்பிலும் மூன்று நாள் ஆபீஸிலும் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குகிற வேலை. திட்டு பரவாயில்லை. ஆபீஸில் பெண்கள் கழிப்பறைச் சாவி மேனேஜரின் மேசை டிராயரில் இருந்தது. போய்க் கேட்க வேண்டும். போன நேரம், வந்த நேரம் இரண்டையும் அவர் நோட்டில் குறிப்பார். கர்ப்பிணி ஒருத்தியிடம், "இப்பதானே போன?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

அன்று வீட்டிலிருந்து பார்த்த வேலை முடிந்த கையோடு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதை எழுதிக்கொண்டிருந்தபோது, அம்மா வந்து மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினாள். அறையில் இருப்பதே ஒரு பிளக் பாயின்ட். காவலாளியான அப்பாவுக்கு இரவு டியூட்டி. சட்டை தேய்க்க வேண்டும்.

"யம்மா! உனக்கு வேற நேரமே கெடைக்கலயா?"

"உங்கப்பா கசங்குன சட்டையோட போனா கேட்லயே திட்டுவாங்கடி. பத்து நிமிஷம் பட்டினி கெடந்தா உன் கம்ப்யூட்டர் செத்தா போயிடும்?"

மோடத்துக்கு உயிர் வந்ததும், அடங்காத ஆத்திரத்தோடு அனுப்பு பொத்தானை அழுத்தினாள். அப்புறம்தான் திரையின் மூலையைப் பார்த்தாள். நெட் அறுந்தபோது விபிஎன்னும் அறுந்திருந்தது. திரும்ப வரவில்லை. வீட்டு ஐபி முகவரி அம்மணமாகப் போய்விட்டது.

"உன் அயர்ன் பெட்டி என் வேலைக்கே உலை வச்சிருச்சு!"

அம்மா சட்டையை மடித்தாள். வேலை போனால், அப்பாவை இரவு டியூட்டியிலிருந்து மீட்கிற கனவும் போச்சு.

மறுநாள் மேனேஜர் ஹாலின் நடுவில் நின்று சொன்னார்: "பேரு போடலன்னா தப்பிச்சிரலாம்னு ஒரு புத்திசாலி நெனச்சிருக்காங்க. ஐபி அட்ரஸ் என் கையில. நீங்க வீட்லேர்ந்து லாகின் பண்ண அட்ரஸோட எல்லாம் ஒத்துப் பாக்கச் சொல்லியிருக்கேன்."

அவள் மதியம் வரை தண்ணீரே குடிக்கவில்லை. போய்ச் சாவி கேட்கத் தெம்பில்லை.

மதியம் 'ஒயர்' என்று எல்லாரும் கூப்பிடுகிற நெட்வொர்க்குக்காரர் வந்தார். ஹெட்போனைச் சரிபார்க்கிற சாக்கில் குனிந்தார்.

"நேத்து சாயந்தரம் வீட்ல மோடத்த அணைச்சீங்களாம்மா?"

"எங்கம்மா பிளக்க புடுங்குனாங்கண்ணா. ஏன்?"

"திரும்ப போட்டப்ப வேற அட்ரஸ் வந்திருக்கு. பகல்ல நீ வேலை பாத்தது ஒண்ணு, புகார் வந்தது இன்னொண்ணு. யாரோடயும் ஒத்துப்போகலன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"அப்புறம் நான்தான்னு உங்களுக்கு எப்படி..."

"புகார் வந்த அட்ரஸ் உங்க ஏரியாவோடது. அந்தப் பக்கம் அந்த கனெக்ஷன் வச்சிருக்கிறது நீ ஒருத்திதான். ஒத்துப்போகுதான்னு கேட்டாரு, இல்லன்னேன். கேக்காததுக்கெல்லாம் எதுக்குப் பதில்? என் பொண்டாட்டியும் வேலைக்குப் போறவதான்." நிமிர்கிற சமயத்தில் முணுமுணுத்தார்: "இன்னிக்கும் வீட்டுக்குப் போனதும் ஒரு தடவ அணைச்சுப் போடு, புகார் போன அட்ரஸும் மாறிடும். விபிஎன் அறுந்தா நெட்டும் நிக்கிற மாதிரி செட்டிங் இருக்கும், அத ஆன் பண்ணு. படிச்ச புள்ள, இது தெரியாதா?"

யார் சொன்னாலும் சுருக்கென்று திருப்பிக் கொடுக்கிறவள், தலையை ஆட்டி, "தேங்க்ஸ்ண்ணா" என்றாள்.

வீட்டில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மேசைமேல் புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று.

"வாங்கிட்டேன். இனிமே உன் ஒயர் பக்கமே வரமாட்டேன் தாயே."

அவள் பையைக்கூட இறக்காமல் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா பதறிவிட்டாள்.

"என்னடி இது? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்லம்மா. தூக்கல. அதுக்குத்தான் அழறேன்."