பிரேக் அக்காவின் வலது கால்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாளை அவளிடம் படித்தவர்கள் எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல, முதுகுக்குப் பின்னால். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுபவர் தப்புச் செய்யப்போகிற நொடியில் அதை மிதிக்க வேண்டும். அந்த வேலையில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரின் தோள் லேசாக உயர்ந்தால் போதும், அடுத்து என்ன கூத்து நடக்கப்போகிறது என்று அவள் வலது காலுக்குத் தெரிந்துவிடும். மூளைக்குச் சேதி போவதற்குள் கால் வேலையை முடித்துவிடும். அதன்பிறகு வாய் தன் வேலையைத் தொடங்கும். அந்த வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.

காலுக்கு விடுமுறையே கிடையாது என்பதுதான் தொல்லை. பஸ்ஸில் போனால் முன்சீட்டுக் கம்பியை மிதிக்கும். கணவரின் ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் கால் வைக்கும் கட்டையை மிதிக்கும். வீட்டில் வாசலைப் பார்த்தபடி அவள் உட்காரும் நாற்காலிக்கு முன்னால் ஒரு தரைக்கல் ஆட்டம் கண்டு, மிதிக்கும்போதெல்லாம் 'டக்' என்றது. அதை ஒட்டச் சொல்லி அவள் கணவரை நச்சரிக்காத வாரமில்லை. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். பார்த்துக்கொள்ளலாம் என்பார், பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அந்த வீட்டுக்குள்தான் ஸ்டெப்னி வந்து சேர்ந்தது. அக்காவிடம் கார் பழகிய நாய் டாக்டரம்மா, யாரோ விட்டுவிட்டுப் போன குட்டி என்று சொல்லி அதைக் கையில் திணித்துவிட்டாள். பழுப்பு நிறம். படுத்தால் வாலையும் மூக்கையும் சேர்த்து வட்டமாகச் சுருண்டுகொள்ளும். காரின் பின்னால் போட்டுவைக்கிற மாற்று டயர் மாதிரியே இருந்ததால் ஸ்டெப்னி என்று பெயராயிற்று. குட்டியோடு கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் டாக்டரம்மா கொடுத்தாள். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும். அதற்குக் கிளிக்கர் என்று பெயர். குட்டியைத் திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது, பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஓங்கக் கூடாது. அது எதையாவது சரியாகச் செய்கிற நொடியில் டிக்கென்று அழுத்திவிட்டு, உடனே ஒரு துண்டு பிஸ்கட் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

"தப்பப் பிடிக்கறதுதான் உங்க தொழில்க்கா," என்றாள் டாக்டரம்மா. "இதுகிட்ட மட்டும் சரியப் பிடிங்க."

இதென்ன பிரமாதம் என்றுதான் அக்கா நினைத்தாள். முதல் நாள் கிளிக்கரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. குட்டி திரைச்சீலையைக் கடித்ததும், செருப்பை இழுத்ததும், கால்மிதியை நனைத்ததும் அவள் கண்ணில் பளிச்சென்று பட்டன. சரியாக என்ன செய்தது என்று கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்திருக்கும். அதைப் போய் யார் பார்ப்பார்கள்?

மறுநாள் பார்த்தாள். குட்டி அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி மெல்லப் பின்பக்கத்தைத் தரையில் வைத்தது. டிக். பிஸ்கட். குட்டி எழுந்து நின்று யோசித்தது. திரும்பவும் உட்கார்ந்தது. டிக். மூன்றாவது தடவை அவள் பிஸ்கட்டை எடுக்கும் முன்பே தொப்பென்று உட்கார்ந்து, எப்படி என்பதுபோல் பார்த்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. குளித்துக்கொண்டிருந்த கணவரைத் துண்டோடு வெளியே வரவழைத்துக் காட்டினாள். உலகத்தில் நாய் உட்காருவதை அதற்கு முன்னால் யாருமே பார்த்ததில்லை என்பதுபோல இருவரும் நின்று பார்த்தார்கள். அன்றிரவு ஸ்டெப்னி அவள் வலது பாதத்தின் மேலேயே சுருண்டு தூங்கிற்று. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கால் அசையாமல் இருந்தது. இந்தக் குட்டியை இனி யார் கேட்டாலும் தர முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

கேட்க ஒருவர் இருந்தார். கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்குப் போகும்போதெல்லாம் இவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவருடைய கனத்த ரப்பர் செருப்பு படியில் சப் சப்பென்று ஏறும், கூடவே ஒரு இருமல். அதைக் கேட்டதும் ஸ்டெப்னி தன் உடம்புக்குச் சற்றும் பொருந்தாத குரலில் வீடே அதிரக் குரைக்கும். பால்காரருக்குக் குரைக்காது, தபால்காரருக்கு வாலாட்டும். வீட்டுக்காரர் என்றால் மட்டும் ஜென்மப் பகை. ஒரு நாள் அவர் படியிலேயே நின்று, சுவரோடு ஒட்டிக்கொண்டு, கதவைப் பார்த்துப் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மேல வர்றேன். ஒரு டீ குடிப்பேன். நான் வந்து, குடிச்சு முடிக்கற வரைக்கும் அது குரைக்கக் கூடாது. குரைச்சா, திங்கக்கிழமை அது இந்த வீட்ல இருக்கக் கூடாது."

பிடித்தால் பிடித்த பிடிதான் அவர். ஆனால் ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கிவிட்டால் அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. செருப்புச் சத்தம் கேட்டதும் ஸ்டெப்னி குரைத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். குரைப்பை நிறுத்தியதும் டிக், பிஸ்கட். இப்படியே செய்து வந்ததில், குரைத்தால் சட்டென்று நிறுத்தவும் கற்றுக்கொண்டது. அக்கா பூரித்துப்போனாள். கணவர் மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். படியில் யாருமே இல்லாதபோது அது எழுந்து வாசலைப் பார்த்து 'வள்' என்று ஒரே ஒரு குரைப்பு குரைத்தது. சட்டென்று நிறுத்தியது. திரும்பி வந்து அக்காவின் முன்னால் உட்கார்ந்து பிஸ்கட்டுக்கு வாயைத் திறந்தது.

"முன்னாடி சும்மா குரைச்சுது," என்றார் அவர். "இப்ப சம்பளத்துக்குக் குரைக்குது."

அவர் சொன்னது நிஜம். தப்பு நடக்கட்டும் என்று காத்திருந்து, அது முடிந்ததும் பரிசு கொடுத்திருக்கிறாள். வாழ்நாள் முழுக்கத் தப்பை எதிர்பார்த்தே உட்கார்ந்திருந்தவள் வேறு என்ன செய்வாள்? அப்போது மறுபடியும் கீழே செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்டெப்னியின் இடது காது மட்டும் மெல்ல உயர்ந்தது. அக்காவின் கால் தரைக்கல்லை மிதித்தது. அதன்பிறகுதான் குரைப்பு வந்தது. அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். அந்தக் காது, கார் ஓட்டுகிறவனின் தோள். தப்புக்கு முன்னால் வருகிற அந்தக் கண்சிமிட்டும் நேரம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடம். காது உயர்ந்து வாய் திறப்பதற்குள், அது இன்னும் நல்ல குட்டியாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும்.

அன்று தொடங்கிற்று ஒத்திகை. வீட்டுக்காரர் போடுவதுபோலவே ஒரு ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு, கணவர் படியில் ஏறினார், இறங்கினார், இருமினார். உள்ளே அக்கா கண்கொட்டாமல் அந்தக் காதையே பார்த்திருந்தாள். காது உயரும், பாழாய்ப்போன கால் முந்திக்கொண்டு கல்லை 'டக்'கென்று மிதிக்கும், அதைத் திட்டிக்கொண்டே கட்டைவிரலால் கிளிக்கரை அழுத்துவாள். ஸ்டெப்னி குரைக்க மறந்து திரும்பிப் பார்க்கும். பிஸ்கட். கணவர் இருமி இருமித் தொண்டை கட்டிப்போனார். தன்னை மாதிரியே யார் இருமுகிறார்கள் என்று வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தபோது, சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி அசடு வழிந்தார். சனிக்கிழமை சாயங்காலம் செருப்பு முழுதாக மேலே ஏறி இறங்கியும் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அக்கா குட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகச் சுற்றினாள்.

அந்த உற்சாகத்தில்தான் ஒரு கிறுக்குத்தனம் செய்தாள். ஞாயிறு காலை அவளிடம் வரும் கேஷியர் பெண்ணுக்குக் காரைப் பின்னால் எடுக்கவே வராது. அக்கா வாயைத் திறந்தால் அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அன்றைக்கு அவள் கண்ணாடியைச் சரியாகப் பார்த்து, கிளச்சை மெதுவாக விட்டாள். அக்காவின் பையிலிருந்து டிக்கென்று சத்தம் வந்தது. அழுத்தியது யார் என்று அக்காவுக்கே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பின்னால் வந்தாள், டிக். கோட்டுக்குள் கார் நேராகப் போய் நின்றது. அக்கா பரவசத்தில் பையில் கைவிட்டு எதையோ எடுத்து நீட்ட, அந்தப் பெண்ணும் சந்தோஷத்தில் வாங்கி மென்றுவிட்டாள். உப்புக் கொஞ்சம் கம்மி, மற்றபடி நன்றாக இருக்கிறது, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள். அக்கா ஸ்டெப்னியின் பிஸ்கட் இருந்த பையை அவசரமாக மூடினாள்.

சாயங்காலம் கணவர் டீ போட்டார். வீடு துடைத்து வைத்திருந்தது. அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள், ஸ்டெப்னி எதிரில் உட்கார்ந்தது. கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் பையில் கைவிட்டாள். பிஸ்கட் இருந்தது. கிளிக்கர் இல்லை. இந்தப் பை, அந்தப் பை, முந்தானை முடிச்சு, எங்கும் இல்லை. காலையில் பிஸ்கட் எடுக்கும்போது அதைக் காரின் டாஷ்போர்டில் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கார் டிரைவிங் ஸ்கூல் ஷெட்டில் பூட்டிக் கிடந்தது.

சப், சப். செருப்பு ஏறிக்கொண்டிருந்தது. நாக்கால் டிக்கென்று சொல்லிப் பார்த்தாள், வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டது. கணவர் சமையலறை வாசலில் டீத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். இருமல். ஸ்டெப்னியின் இடது காது உயர்ந்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று அக்கா கண்ணை மூடினாள்.

'டக்' என்றது தரை.

குரைப்பு வரவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள். ஸ்டெப்னி வாசலை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, பின்பக்கம் தரையில், வால் ஆடிக்கொண்டு, எங்கே என் பிஸ்கட் என்கிற முகத்தோடு. இத்தனை நாளும் அது கிளிக்கருக்குக் காத்திருக்கவே இல்லை. கட்டைவிரலுக்கு முன்னால் வந்த காலைத்தான் நம்பியிருக்கிறது. அத்தனை பேரை நிறுத்து நிறுத்து என்று மிரட்டிய கால், இந்தக் குட்டிக்கு மட்டும் சபாஷ் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அக்கா பிஸ்கட்டைக் கொடுத்தாள்.

வீட்டுக்காரர் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டீயை வாங்கிக்கொண்டார். கரண்டி தட்டில் விழுந்து ஒலித்தது, காது உயர்ந்தது, டக், பிஸ்கட். அவர் இருமினார், டக், பிஸ்கட். டீ பாதியில் இருந்தபோது ஸ்டெப்னி எழுந்து போய், யாரும் சொல்லாமலேயே தன் முகவாயை அவருடைய ரப்பர் செருப்பின் மேல் வைத்துப் படுத்துக்கொண்டது. அவருடைய தோள்கள் காதுவரை உயர்ந்தன. அக்கா அந்தத் தோள்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கோபத்தில் யாருக்கும் தோள் அப்படி உயராது. மனுஷன் பயத்தில் செத்துக்கொண்டிருந்தார், இத்தனை நாளும் அந்தப் பயத்தோடுதான் இந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார்.

"நல்லா உக்காந்திருக்கீங்க," என்றாள் அக்கா. இப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே புதிது. "கால எடுக்க வேணாம். அப்படியே இருங்க. ரொம்ப நல்லா இருக்கு."

தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. அவர் டீயை முழுவதும் குடித்து முடித்தார். குடித்த பிறகும் எழவில்லை. வெகுநேரம் கழித்து, செருப்பின் மேல் கிடந்த தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த பிஸ்கட்ட நானே குடுத்தா வாங்குமா?"

வாங்கிற்று. அவர் விரல்களையும் சேர்த்து நக்கிற்று. இனி மாடிக்கு வரும்போது தன் கையிலேயே ஒன்று எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். திங்கட்கிழமையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. செருப்புச் சத்தம் கீழே போய் ஓயும்வரை அக்காவும் கணவரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். அதற்குப் பிறகு அவள் போட்ட கூச்சலில்தான் ஸ்டெப்னி அன்றைக்கு முதல் தடவையாகக் குரைத்தது.

கணவர் டீக் கோப்பைகளைக் கழுவப் போனார். அக்கா நாற்காலியில் சாய்ந்து அவர் முதுகைப் பார்த்தாள். தொண்டை கட்டும்வரை படியேறி இருமிய மனுஷன். என்றைக்காவது அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தாள். கல்லை ஒட்டவில்லை என்று சொன்னதுதான் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை காலைத் தானே, வேண்டுமென்றே, அழுத்தினாள். டக்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"டீ நல்லா இருந்துச்சுங்க," என்றாள். "அந்தக் கல்ல ஒட்ட வேணாம்."

அவர் ஈரக் கோப்பையோடு அப்படியே நின்றார். அதற்குள் ஸ்டெப்னி இருவருக்கும் நடுவில் ஓடிவந்து உட்கார்ந்து வாயைத் திறந்தது.