கோட்டுக்குள் ஒரு மாவு மில்

தல்லாகுளத்தில் எங்கள் ஆபீஸ் ஒரு மாடிக் கட்டிடத்தில் இருந்தது. மாடியில் நாங்கள், மண்டலத் திட்டக்காரர்கள். மதுரையையும் சுற்றியுள்ள நூற்றுச் சொச்சம் கிராமங்களையும் ஒரே படத்தில் போட்டு, எங்கே வீடு வரலாம், எங்கே வயல் இருக்க வேண்டும் என்று வண்ணம் பூசுவது எங்கள் வேலை. கீழே உள்ளூர்த் திட்டக்காரர்கள். எந்த சர்வே நம்பரில் எதைக் கட்டலாம், எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்று பார்த்து அனுமதி கொடுப்பது அவர்கள் வேலை. மேலே போட்ட திட்டத்துக்குக் கீழே உள்ளவர்கள் முரணாக எதுவும் செய்யக் கூடாது. அது சட்டம். அதனால் அவர்கள் பெரும்பாலும் எதுவும் செய்யாமல் இருந்தார்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆவணியில் ஒச்சம்மாள் வந்தாள். விளாங்குடிக்கு மேற்கே நாற்பது சென்ட் நிலம். இரண்டு உழவு மாட்டை விற்று, கோயமுத்தூரிலிருந்து மாவு மில் மிஷின் வாங்கியிருந்தாள். மிஷின் நிலத்தில் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு தார்ப்பாய். ஷெட் போட அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கரண்ட் கிடையாது. ஐப்பசி மழைக்குள் ஷெட் எழும்பாவிட்டால் மோட்டார் போய்விடும். மாடும் இல்லை, மில்லும் இல்லை என்று ஆகும்.

கீழே கிளார்க் அழகுமலை விண்ணப்பத்தை வாங்கினான். அதில் ஒரு கட்டம்: மண்டலத் திட்டப்படி நிலத்தின் வண்ணம். வீட்டுப் பகுதி என்றால் மஞ்சள், விவசாயம் என்றால் பச்சை. பார்த்து எழுத மாடிக்கு வந்தான். நகரத்தின் மேற்கே மஞ்சள் முடிந்து பச்சை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு கறுப்பு எல்லைக் கோடு. ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். ஒச்சம்மாளின் நாற்பது சென்டும் கோட்டின் கறுப்புக்குள்ளேயே விழுந்தது.

"அண்ணே, கறுப்புக்கு என்ன விதி?" என்றான் அழகுமலை.

தேடிப் பார்த்தேன். மஞ்சளில் ஐந்து குதிரைசக்தி வரை மாவு மில் வைக்கலாம். பச்சையில் விளைச்சலை அரைக்கிற மில் வைக்கலாம். இரண்டு பக்கமும் தடையில்லை. கோட்டுக்குள் வைக்க மட்டும் விதி இல்லை.

சூப்பரின்டென்ட் ஹாலாஸ்யத்திடம் கொண்டு போனேன். அவருடைய நாற்காலியில் பிரம்புப் பின்னல் அறுந்து வெகு நாளாயிற்று. புது நாற்காலிக்கு எழுதிப் போட்டது வரவில்லை. மண்டலத் திட்டப் புத்தகம் அச்சாகி வந்தபோது நான்கு பிரதிகளை அடுக்கி அதன் மேல் உட்கார்ந்தார். அன்றிலிருந்து எங்களைவிட அரை அடி உயரமாகத் தெரிந்தார்.

"மஞ்சள்னு எழுதினா பச்சைன்னு ஒருத்தன் கேப்பான். பச்சைன்னு எழுதினா மஞ்சள்னு ஒருத்தன் கேப்பான். கறுப்புன்னு எழுதினா ஆடிட்ல கேப்பான்" என்றார். பிறகு 'கீழ் அலுவலகத்தின் கருத்தறியவும்' என்று எழுதினார்.

அழகுமலை 'மேல் அலுவலகத்தின் கருத்துக்கு உட்பட்டு' என்று எழுதி மேலே அனுப்பினான். ஃபைல் பதினொரு முறை படி ஏறி இறங்கியது. இரண்டு பேரும் தினம் ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீக்கடையில் ஃபைலைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

ஒச்சம்மாள் திங்கள்தோறும் விளாங்குடி பஸ்ஸில் வந்தாள். நான்காவது திங்களன்று துணியில் ஆறு முட்டை கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தாள். மிஷினில் தானியம் கொட்டுகிற வாய்க்குள் அவளுடைய கோழி முட்டையிட ஆரம்பித்திருந்தது.

"இதுவரைக்கும் மில்லுல வந்த மாசூல் இம்புட்டுத்தான் தம்பி. ஒங்க ஆபீசுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்."

நான் முட்டை சாப்பிடுவதில்லை என்றேன். அழகுமலை சாப்பிடுவான். எடுத்துக்கொண்டான். பிறகு எங்கே சாப்பிடுகிறேன் என்று அவள் கேட்டாள். மெஸ்ஸில் என்றேன். சம்சாரம் எங்கே என்றாள். ஜானு மாசியில் இறந்துவிட்டாள் என்றேன். அவள் முட்டை இருந்த துணியை மடித்தாள்.

"மெஸ்ஸுல இட்லி எப்படி?"

"இட்லி மாதிரி இருக்கும்."

"மாவு சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புரட்டாசி முடிந்தது. மேற்கே தினமும் மேகம் கூடியது. அடுத்த திங்களன்று அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. ஃபைல் போகிற வழி அதுதான் என்பதால் ஹாலாஸ்யம் கூட்டாய்வுக்கு உத்தரவிட்டார். ஜீப்பில் ஹாலாஸ்யம், அழகுமலை, நான், ஒச்சம்மாள்.

நிலத்தில் இறங்கியதும் அவள் கேட்டது ஒன்றுதான். "கோடு எங்கிட்டு ஓடுதுன்னு காட்டுங்க சார். மிஷின அங்கிட்டுத் தள்ளி வச்சுக்கிறேன்."

ஹாலாஸ்யம் ஜீப்பின் பானெட் மேல் படத்தை விரித்து அளந்தார். அழகுமலை அளவுச் சங்கிலி பிடித்தான்.

"நீங்க கோட்டுக்குள்ளதாம்மா நிக்கறேள்."

ஒச்சம்மாள் காலைப் பார்த்தாள். நான்கு எட்டு தள்ளி நின்றாள். "இப்ப?"

"இப்பவும்."

பனைமரம் வரை நடந்துபோய் அங்கிருந்து கேட்டாள். அங்கேயும் கோடுதான். கிணற்று மேட்டில் ஏறி நின்றாள். அதுவும் கோடு. அழகுமலை கணக்குப் போட்டுச் சொன்னான்: கோட்டின் அகலம் எழுபத்தைந்து மீட்டர்.

"நாலு வழி ரோடே அம்புட்டு அகலம் கிடையாதேண்ணே" என்று என்னிடம் முணுமுணுத்தான்.

தார்ப்பாய் மேல் இரண்டு துளி விழுந்தது. ஒச்சம்மாள் ஓடிவந்து அதன் ஓரத்தை இழுத்து மூடினாள். மிஷினுக்குள்ளிருந்து கோழி கத்தியது.

"சார், அந்தக் கோட்டைப் போட்டது நான்" என்றேன். "தலைப்பு எழுதற தடி நிப்பை எடுத்துட்டேன். சரியான நிப்புன்னா பதினஞ்சு மீட்டர்தான் வரும். இவங்க நிலம் தப்பியிருக்கும்."

ஹாலாஸ்யம் கண்ணாடியைக் கழற்றினார். "எப்போ போட்டது?"

"ஜானு போய்ப் பதினாலாம் நாள்."

பதிமூன்றாம் நாள் அவர் என் வீட்டில் வந்து சாப்பிட்டிருந்தார். மறுநாள் ஆபீசுக்கு வரச் சொன்னதும் அவர்தான். கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலை."

படத்தில் முத்திரை விழுந்தாயிற்று, கோட்டை மெலிதாக்க மெட்ராசுக்கு எழுதினால் இரண்டு வருஷம் ஆகும் என்றார். அது தெரியும். ஆனால் புத்தகத்தில் ஒரு அடிக்குறிப்பு உண்டு, அச்சுப்பிழை திருத்தியபோது படித்திருக்கிறேன் என்றேன்.

"எந்தப் புத்தகம்?"

"நீங்க உட்கார்ற புத்தகம் சார்."

ஆபீசுக்குத் திரும்பியதும் ஹாலாஸ்யம் உட்காராமல் நாற்காலியிலிருந்து மேல் பிரதியை எடுத்தார். நடுவில் சற்றுக் குழிந்திருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். மண்டலப் படத்தில் எல்லைகள் ஏறத்தாழவே காட்டப்பட்டுள்ளன. சர்வே எண் வாரியாக எல்லை எது என்பதை உள்ளூர்த் திட்டமே முடிவு செய்யும். இரண்டாம் முறை மெதுவாகப் படித்தார்.

அழகுமலை பேனாவைக் கீழே வைத்தான். "அப்ப நாங்கதான் முடிவு பண்ணணுமா சார்? எங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லையே."

"உங்க படத்துல அந்த நம்பர் என்ன வண்ணம்?"

"மஞ்சள் சார். நாலு வருஷமா மஞ்சள்தான்."

"எழுதும்."

அழகுமலை அந்தக் கட்டத்தில் 'மஞ்சள்' என்று எழுதினான். எழுதிவிட்டு, தான் எழுதியதை யாராவது தடுப்பார்களா என்று சுற்றிப் பார்த்தான். யாரும் தடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் ஷெட் எழும்பியது. தகரம் வேய்ந்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் கரண்டும் வந்தது. மில் ஓடவில்லை. மாடி, கீழே, மின்வாரியம் என்று மூன்று இடத்திலும் கையெழுத்து விழுந்த பிறகு மிஷின் வாய்க்குள் கோழி அடை உட்கார்ந்துவிட்டது. சுவிட்சு போட வந்தவர்களை ஒச்சம்மாள் திருப்பி அனுப்பிவிட்டு எங்களிடம் வந்து சொன்னாள்.

"இன்னும் ஒம்பது நாளு பொறுங்க சார். ஒங்களுக்காக நான் ரெண்டு மாசம் பொறுத்தேன்ல."

ஹாலாஸ்யம் அதற்கு விதி இருக்கிறதா என்று என்னைப் பார்த்தார். இல்லை என்றேன். அப்படியானால் சரி என்றார்.

பத்தாம் நாள் மில் ஓடியது. அன்று சாயங்காலம் ஒச்சம்மாள் ஒரு காகிதப் பொட்டலத்தோடு மாடிக்கு வந்தாள். முதல் அரவை, பச்சரிசி மாவு. இன்னும் சூடாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாது என்றேன்.

"தண்ணியக் கொதிக்க விட்டு, உப்புப் போட்டு, மாவக் கொட்டிக் கிண்டுங்க. அம்புட்டுத்தான். வாரேன் தம்பி."

வில்லாபுரத்தில் வீட்டைத் திறந்து அடுப்பைத் துடைத்தேன். மாசிக்குப் பிறகு மூட்டவில்லை. எவ்வளவு தண்ணீர் என்று அவள் சொல்லவில்லை. ஜாஸ்தியாகிவிட்டது. மறுபடி மாவு போட்டேன். கட்டி தட்டியது. இரண்டு பேருக்கு ஆகிற அளவு வந்தது. பாதியைச் சாப்பிட்டேன். மீதியை மறுநாள் டிபன் பாக்ஸில் எடுத்துப் போய் அழகுமலைக்குக் கொடுத்தேன்.

அவன் ஒரு வாய் போட்டு வெகுநேரம் மென்றான்.

"இது மஞ்சளாண்ணே, பச்சையா?" என்றான்.

கோட்டுக்குள் என்றேன்.