மீன் தண்ணியும் மஞ்சள் றோசாவும்

அளவெட்டியில் கன்று விற்கும் தயாளினியின் வாசலிலேயே ஒரு மஞ்சள் றோசா, உள்ளங்கை அகலப் பூவோடு நின்றது. வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். குருநகரிலிருந்து பஸ் மாறி மாறி வந்த மரியநாயகி அந்தப் பூவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குந்தியிருந்து அடி இலைகளைப் பார்த்தாள். கறுப்புப் புள்ளி.

"இது வேண்டாம், தங்கச்சி. பூவைப் பாத்து ரெண்டு தரம் ஏமாந்திட்டன். மூண்டாம் தரமும் ஏமாற நான் என்ன விசரியே?"

ஏமாற அவளுக்கு இனி நேரமும் இல்லை. இரண்டரை வருடத்துக்கு முன் அவளுடைய கணவன் செபநாயகத்தின் போட் இன்ஜின் நின்று, இரண்டு இரவு கடல் இழுத்த பக்கமெல்லாம் போனது. மரியநாயகி மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் விழுந்து நேர்த்தி வைத்தாள். "அந்த மனிசனைத் திருப்பித் தாரும் தாயே. மே மாசம் நீர் வீடு வீடாய் வரேக்கை, நானே வளத்த மஞ்சள் றோசாக் கொடிக்குக் கீழாலை உம்மை உள்ளை கூட்டிவருவன்."

மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். வேறொரு போட் அவருடைய போட்டைக் கட்டி இழுத்துக் காங்கேசன்துறையில் கொண்டுவந்து விட்டது. மரியநாயகியின் பங்குதான் இரண்டு மே மாதமாக பூவில்லாத மொட்டை வாசற்படலையாய் நின்றது. பூக்கடையில் வாங்கிக் கட்டிவிடேன் என்றாள் அயலவள் ஒருத்தி. கொடுத்த வாக்கைக் கடையில் வாங்கலாமா? நல்ல கதைதான்!

செபநாயகத்துக்கு இது ஒன்றும் தெரியாது. அந்த இரண்டு இரவைப் பற்றி யார் வாய் திறந்தாலும் எழும்பிப் போய்விடுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு இது மனைவியின் றோசாப் பைத்தியம். "பிளாஸ்ரிக்கிலை ஒண்டு வாங்கிக் கட்டு, மரியம். சாகாது" என்று பகிடி பண்ணுவார்.

"செத்த கண்டுகளின்ரை இலை எப்பிடி இருந்தது, அக்கா?" என்று கேட்டாள் தயாளினி.

"விளிம்பு கருகி, பேந்து சுருண்டு கொட்டினது."

"அது உப்பு. கிணத்துத் தண்ணியோ ஊத்தினனீங்கள்?"

"எங்கடை கிணறு சவரெண்டு எனக்குத் தெரியாதே? குழாயிலை நல்ல தண்ணி சுமந்தெல்லே ஊத்தினனான்!"

தயாளினி அவளைப் பின் மதிலுக்குக் கூட்டிப்போனாள். மதில் முழுக்க ஒரு கொடி றோசா படர்ந்திருந்தது. பெயர் யாருக்கும் தெரியாத பழைய சாதி. தயாளினி கலியாணம் முடித்து வந்தபோதே அங்கே நின்றதாம். மருந்தென்று ஒன்று அடித்ததில்லையாம். மாரி மழையில் நனைந்து முடித்தும் அடி இலை வரைக்கும் பச்சை. பூ சின்னதுதான், கொத்துக் கொத்தாக, வெண்ணெய் போல மஞ்சள். வாசம் கிட்டப் போகுமுன்பே வந்தது. மரியநாயகி இலையைத் திருப்பிப் பார்த்தாள், தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள், அடியிலிருந்து புது முளை வருகிறதா என்று தேடிப் பார்த்தாள்.

"இதுதான். இதிலை ஒண்டு தா."

"இதின்ரை கொப்பிலை பதி வைச்ச கண்டொண்டு நிக்குது. ஆனால் அதிலை இப்ப பூ இல்லை, அக்கா."

"வேரைக் காட்டு."

தயாளினி சாடியைக் கவிழ்த்தாள். வெள்ளை வேர்கள் மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தன.

"இந்த வேரே காணும். பூவை நான் பாத்துக்கொள்ளுறன்."

படலையோரம் நட்டு, பழைய வலைக்கயிற்றில் வளைவு கட்டினாள். கொடி கிடுகிடுவென்று ஏறியது. ஒரு மாதம் போக, ஒரு காலையில் இலை விளிம்பு கருகியிருந்தது. ஐயோ மாதாவே! மரியநாயகி அடியில் குந்தினாள். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. யாரோ ஊற்றுகிறார்கள். ஆரெண்டு பிடிக்காமல் விடுறேல்லை என்று, மறுநாள் விடியற்காலை விளக்குமாற்றோடு குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

படலையைத் திறந்துகொண்டு வந்தது செபநாயகம். கடல் தொழிலால் வந்த கையோடு, கையில் ஒரு வாளி. அங்குமிங்கும் பார்த்துவிட்டு, செந்நிறமாகக் கலங்கிய தண்ணீரை அடியில் மெதுவாக ஊற்றினார்.

"என்ன செய்யுறியள்?"

வாளி கை நழுவி விழுந்தது. "மீன் கழுவின தண்ணி, மரியம். தென்னைக்கு ஊத்த எப்பிடிக் காய்க்குது! நீ கண்டுகண்டாய் நட்டுப்போட்டு அழுறாய். பாக்கேலாமல்தான்…"

"எந்தத் தண்ணியிலை கழுவினது?"

"கடல் தண்ணிதான்."

"முந்தின ரெண்டுக்கும்?"

"ஓம்…"

"உங்களுக்கு அறளை பேந்திட்டுதே! உங்களைத் தாருமெண்டு மாதாவிட்டை வைச்ச நேர்த்தியப்பா இது! நீங்கள் கரைக்கு வாறதுக்கு நான் குடுத்த வாக்கு! அதை நீங்களே திருப்பித் திருப்பிச் சாக்காட்டுறியளே!" விளக்குமாற்றை எறிந்துவிட்டு அழத் தொடங்கினாள்.

அந்த இரண்டு இரவின் கதை வந்துவிட்டது, இனி எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். அவர் போகவில்லை. கன்றின் பக்கத்தில் குந்தி, கருகிய இலையொன்றைத் தொட்டார்.

"ரெண்டாம் நாள் குடிதண்ணி முடிஞ்சிட்டுது, மரியம். தாங்கேலாமல் கடல் தண்ணியை ரெண்டு கை அள்ளிக் குடிச்சனான்." கருகிய இலையைக் கிள்ளி எடுத்தார். "அது உள்ளுக்கை போய் என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியும். எனக்கெல்லே தெரியும்!"

இவ்வளவு காலத்தில் அவர் அதைச் சொன்னது அன்றுதான். எழும்பி, சைக்கிளில் இரண்டு கான்களைக் கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனார். திரும்ப வந்து ஊற்றினார். மறுபடியும் போனார். "காணும் காணும், அழுகப் போகுது" என்று மரியநாயகி கத்தும்வரை ஓயவில்லை.

மே மாதம் சுரூபம் வந்தபோது கொடி ஒரு பக்கத்தால்தான் ஏறியிருந்தது. நுனி மட்டும் படலைக்கு மேலே சாய்ந்து நின்றது. அந்த நுனியில் ஒரேயொரு மஞ்சள் கொத்து. சுமந்து வந்தவர்கள் குனிந்து, மாதாவை அதற்குக் கீழால் உள்ளே கொண்டுவந்தார்கள். மரியநாயகி தலை நிமிர்ந்து மாதாவின் முகத்தைப் பார்த்தாள்.

"குருநகர் மண்ணிலை றோசாவோ! என்ன பசளை போட்டனீ, மரியநாயகி?" என்றாள் பின்னால் வந்த அயலவள்.

மரியநாயகி வாயெடுக்குமுன், சுரூபம் வைத்த பலகையின் ஒரு தண்டைத் தோளில் சுமந்து நின்ற செபநாயகம் முந்திக்கொண்டார்.

"நல்ல தண்ணி," என்றார். "கரைக்கு வந்து நான் முதல் கேட்டதும் அதுதான்."